கதிர்காம நடைக்கு எந்தப் பை, எந்தக் கூரை: கடையில் வாங்குவதா, பழசைத் தைப்பதா?

கதிர்காமம் முருகன் கோயிலுக்குக் கால்நடையாகப் போகிறவர்களுக்காக உகந்தையில் காட்டுப் பாதை திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதும், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்குமுள்ள, முதல் தடவை நடக்கிற ஆட்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். புதுப் பை வாங்கவா, வீட்டில் கிடக்கிற பழசைத் தைத்துக்கொண்டு போகவா? பையோடு நின்றால் பரவாயில்லை. இரவில் மேலே என்ன கட்டுவது, கீழே என்ன விரிப்பது, டென்ட் வேண்டுமா, அண்ணன் லொறிக்கு மூடுகிற படங்கைத் தருகிறேன் என்கிறார், அது சரிவருமா என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பைக்கு, பிள்ளைகள் போட்டுக் கழித்த நல்ல ஸ்கூல் பேக் ஒன்றை எடுத்துத் தோள்வாரை மட்டும் கையால் மறுபடி தையுங்கள். தரைக்கு நிவாரணத் தறப்பாளில் ஒரு துண்டு. மேலே பழைய நுளம்பு வலை. படங்கை அண்ணனிடமே திருப்பிக் கொடுங்கள். டென்ட், காசு மிச்சமிருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தேவையில்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு மிச்சம்.

எது நல்லது என்று பார்க்க முதல், எங்கே, எந்தக் காலத்தில், என்ன பாரத்தோடு நடக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இந்த யாத்திரை மாரியில் வருவதில்லை. நம் பக்கத்து மழை கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும், நடக்கிற காலத்தில் கச்சான் காற்று அடித்து நிலம் காய்ந்து கிடக்கும். வெயிலும் புழுதியும் மணலும்தான் பிரச்சினை, இரவில் கடல் பக்கத்துப் பனி கொஞ்சம், எப்போதாவது ஒரு திடீர் மழை. அப்புறம் கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது வருடத்தைப் பொறுத்து முழங்கால் வரைக்கோ இடுப்பு வரைக்கோ நனைய வேண்டிவரும். காட்டுக்குள் குமண தாண்டினால் கடை கிடையாது. அரிசி, பருப்பு, மாவு, தண்ணீர் எல்லாம் தோளில்தான். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ, அதில் பேரம் பேச முடியாது. ஐந்து லீற்றர் தண்ணீரும் சாப்பாடும் மாற்றுடுப்பும் சேர்ந்தால் பத்துக் கிலோ சுலபமாகத் தாண்டும். அந்தப் பாரம் நாள் முழுவதும் இரண்டு தையலில் தொங்குகிறது. ஆகவே நான் பையின் துணியைக் கடைசியில்தான் பார்ப்பேன், முதலில் பார்ப்பது தோள்வார் பையோடு சேருகிற அந்த இரண்டு இடத்தை.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இராணுவத்தில் கழித்த சாமான் தேடுவார்கள். அந்த நாடுகளில் அது பெரிய சந்தை. அமெரிக்க இராணுவம் 1973 இல் எடுத்துக்கொண்ட அலிஸ் என்ற நைலோன் முதுகுப்பையை இன்றைக்கும் வாங்கி, பழைய தோள்வாரைக் கழற்றி வேறு வைத்துக் கையால் தைத்துக் காடேறுகிறார்கள். ஜெர்மன் இராணுவத்தின் 1931 மாதிரி முக்கோணத் துணி ஒன்று இருக்கிறது, ஒருவர் போர்த்தினால் மழைக்கோட்டு, நாலு பேருடையதைப் பொத்தான் போட்டு இணைத்தால் ஒரு கூடாரம். நல்ல மூளை, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் அந்தப் பேச்சே வேண்டாம். புள்ளி போட்ட துணி, பச்சைப் பை என்று எதையாவது முதுகில் மாட்டிக்கொண்டு போனால் வழியில் மறித்துக் கேட்பார்கள், சட்டச் சிக்கல் ஒரு பக்கம், இந்த மண்ணில் அந்தத் துணியைக் கண்டால் அம்மாமார் முகம் மாறுவது மறுபக்கம். கோயிலுக்குப் போகிற பயணத்துக்கு அது எதற்கு?

அந்தப் பைகளிலிருந்து யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பையின் அடியில் ஒரு ஐலெட், அதாவது உலோக வளையம் வைத்த ஓட்டை, அடித்திருப்பார்கள், உள்ளே புகுந்த தண்ணீர் வடிந்துவிடும். வெளியே ஆங்காங்கே நாடாவில் சின்னச் சின்ன வளையம் தைத்திருப்பார்கள், செருப்பு, கேத்தல், ஈரச் சாரம் எல்லாவற்றையும் அதில் கட்டலாம். பாரம் தாங்குகிற நாடா எதுவும் வெறும் துணியில் முடியாது, அடியில் இன்னொரு பலத்த துண்டு இருக்கும். இந்த மூன்றையும் எந்த ஸ்கூல் பேக்கிலும் ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம்.

நமக்கென்று கழித்த சாமான் இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வந்து இறங்கிய தறப்பாள், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொடுத்தது, லொறிப் படங்கு, உரப்பை, பழைய வலை, உடைத்த வாகனங்களின் சீட் பெல்ட், ஓட்டோ ஹூட் தைக்கிற கடையில் மிஞ்சுகிற ரெக்சின் துண்டு. இதில் எதை எங்கே பாவிப்பது என்பதுதான் கணக்கு.

முதலில் புதுப் பை. பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடைகளில் தொங்குகிறதே, பெரிய மலையேறும் பை மாதிரி, அறுபது லீற்றர் என்று எழுதி, பிரபலமான பெயர் ஒன்றைப் பிழையான எழுத்தில் குத்தி, அதைக் கையில் எடுத்தால் தோள்வாரின் மேல்முனையைப் பிடித்து உட்பக்கம் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரித் தையல்தான் இருக்கும், அதுவும் முதுகுத் துணியின் மடிப்போடு சேர்த்து ஓட்டியது. இடுப்பு வார் இருக்கும், பக்கிளும் இருக்கும், ஆனால் முதுகில் தகடோ கம்பியோ இல்லாதபடியால் பாரம் இடுப்புக்கு இறங்காது. அது அலங்காரம். அறுபது லீற்றர் இடம் இருந்தால் மனிதர் அறுபது லீற்றர் சாமானும் போடுவார், அப்போது முதலில் போவது அந்த ஒரு வரித் தையல். நல்ல கம்பனியின் உண்மையான பை வேறு விஷயம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியதோடு அந்த விலை சாதாரண ஆட்களுக்கு எட்டாமல் போய்விட்டது. வருடத்தில் ஒரு வாரம் பாவிக்க அவ்வளவு காசா?

அறுகம்பைப் பக்கம் ஆள் தெரிந்தவர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. அலைச் சறுக்கலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் சீசன் முடிந்து போகும்போது பை, டென்ட், பாய் என்று விட்டுவிட்டுப் போவதும் தங்குமிடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மலிவாகக் கொடுப்பதும் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள். ஒரு குறை, அந்தச் சீசன் முடிவது புரட்டாசி, ஐப்பசியில், நமக்குத் தேவைப்படுவது ஆனியில். ஆகவே அது அடுத்த வருடத்துக்கான யோசனை, வாங்கி வைத்தாலும் நம் வெக்கையில் ஒரு வருடம் பூட்டிய அலுமாரிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று கீழே சொல்கிறேன்.

பழைய ஸ்கூல் பேக்கை நான் முன்னுக்கு வைப்பதற்குக் காரணம், தைக்கிற வேலையில் மிகக் கடினமானதெல்லாம் அதில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. சிப் பூட்டுவது, மூலை வளைப்பது, ஸ்பொஞ் வைத்துத் தோள்வார் செய்வது, இந்த மூன்றும் கையால் செய்தால் உயிர் போகும். அது எல்லாம் தயாராக இருக்க, பலவீனமான இடத்தை மட்டும் பலப்படுத்தினால் போதும். இருபத்தைந்து, முப்பது லீற்றர்தான் பிடிக்கும், அது நல்லதுதான், அதற்கு மேல் யாரும் சுமக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாப் பையும் இதற்குச் சரிவராது. உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே ஒரு பூச்சு பூசியிருப்பார்கள், பொலியூரித்தேன் பூச்சு என்றால் சூடும் ஈரமும் சேர்ந்து சில வருடத்தில் அது சிதைந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டும், புளித்த வாந்தி மணம் ஒன்றும் வரும். நம் கரையோரத்துக் காலநிலை அதற்கென்றே செய்தது போலத்தான். அந்த மணம் கழுவினால் போகாது, பக்கத்தில் சாப்பாடு வைக்க முடியாது. வெளிநாட்டுப் பழைய டென்டும் மழைக்கோட்டும் இங்கே கெட்டுப்போவதும் இதே காரணத்தால்தான். பிசுபிசுப்பு இருந்தால் அந்தப் பையை விட்டுவிடுங்கள். பூச்சு காய்ந்து செதிலாக உதிர்ந்தால் பரவாயில்லை, உதறிவிட்டுப் பாவிக்கலாம், தண்ணீர் புகுவதற்கு வேறு வழி செய்யலாம். அடுத்தது சிப். சிப்பின் பல் நல்லது, ஓடுகிற தலை தளர்ந்து பின்னால் வாய் பிளக்கிறது என்றால் குறட்டால் தலையின் இரண்டு பக்கத்தையும் மெதுவாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும், மெழுகுதிரியைப் பல்லில் தேய்த்துவிட்டால் வழுக்கும். உப்புக் காற்றில் தலை துருப்பிடித்து இறுகியிருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இனித் தோள்வார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பையைப் புரட்டி, தோள்வாரின் மேல்முனை சேருகிற இடத்துக்கு உட்பக்கமாக ஒரு துண்டு வையுங்கள். பழைய ஜீன்ஸ் துணி இரண்டு மடிப்பு, அல்லது ரெக்சின் ஒரு மடிப்பு, இரண்டு தோள்வாரையும் சேர்த்து மூடுகிற அகலத்துக்கு, ஒரு சாண் உயரத்துக்கு. பாரம் ஒரு புள்ளியில் இழுக்காமல் அந்தத் துண்டு முழுக்கப் பரவ வேண்டும், அதற்குத்தான். துண்டின் நாலு ஓரத்தையும் சும்மா ஓட்டுத் தையலால் பிடித்துவிடுங்கள். பிறகு வெளியே தோள்வாரின் மேல், நாலு சென்ரிமீற்றருக்கு நாலு, சோக்கட்டியால் ஒரு பெட்டி கீறி, உள்ளே மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி. அந்தக் கோட்டின் மேல்தான் தையல். தோள்வார், முதுகுத் துணி, உள்ளே வைத்த துண்டு, மூன்றையும் ஊசி ஊடுருவ வேண்டும். சாதாரண ஊசியைத் தள்ளினால் அது விரலுக்குள் போகும், துணிக்குள் போகாது. செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் குத்தூசி மாதிரி ஒன்றால் முதலில் ஓட்டை போட்டுக்கொண்டு, பின்னால் தடித்த ஊசியை விடுங்கள். பழைய பாட்டா செருப்பின் அடியில் ஒரு துண்டு வெட்டி உள்ளங்கையில் வைத்து ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளினால் கை தப்பும். சுட்ட கம்பியால் ஓட்டை போடுவது சுகம்தான், ஆனால் உருகிய விளிம்பு இறுகி, நாளடைவில் நூலையே அறுக்கும். வேண்டாம்.

தையல் எந்த மாதிரி? ஒரு ஊசியில் பின்னுக்குப் போய் முன்னுக்கு வருகிற தையல் போதும், பெரும்பாலானவர்களுக்கு அது தெரியும். அதைவிட நல்லது, ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள் ஒன்று வெளியிலிருந்தும் மற்றது உள்ளிருந்தும் விட்டு இழுப்பது. சேணமும் தோலும் கையால் தைக்கிறவர்கள் செய்வது அதுதான். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொழுவிப் பிடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் ஒரு இடம் அறுந்தால் அந்தப் பிடி தளர்ந்து பக்கத்துத் தையலும் வழுக்கத் தொடங்கும். இரண்டு ஊசித் தையலில் ஒரு இழை அறுந்தாலும் மற்ற இழை அதே ஓட்டையில் நின்று பிடிக்கும். காட்டின் நடுவில் நாள் முழுவதும் நடக்கப் போகிற பையில் அந்த வித்தியாசம் பெரியது. தையலுக்குத் தையல் நாலு மில்லிமீற்றர் விடுங்கள். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்து ஒரு மில்லிமீற்றரில் குத்திக்கொண்டு போனால் துணி தபால் முத்திரை ஓரம் போலாகி, இழுத்ததும் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

கீழ்முனைக்கும் இதே வேலை, அங்கே நாடா தேய்ந்திருந்தால் சீட் பெல்ட் நாடா வைக்கலாம். பழைய வாகனம் உடைக்கிற இடங்களில் கேட்டால் கிடைக்கும், ஏறக்குறைய நாலரை சென்ரிமீற்றர் அகலம், விபத்தில் ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்தச் செய்த சாமான், உங்கள் அரிசியும் பருப்பும் அதற்கு ஒன்றுமில்லை. வாங்கும்போது மடித்துப் பாருங்கள், வெயிலில் வெளிறி, மயிர் எழும்பியிருந்தால் விட்டுவிடுங்கள். வெட்டிய முனையை லைட்டரில் காட்டி உருக்காமல் தைத்தால் ஒரு வாரத்தில் நூல் நூலாகப் பிரிந்துவிடும். குறை ஒன்றே ஒன்று, அது தடிப்பு. பையில் இருக்கிற சின்னப் பக்கிளுக்குள் போகாது, அளவு கூட்டிக் குறைக்க முடியாமல் போகும். உங்கள் உயரத்துக்கு அளந்து ஒரே நீளத்தில் தைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு ஆள் மட்டும் பாவிக்கிற பைக்கு அது சரி.

நூலில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் சட்டை தைக்கிற பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும், ஊதி ஓட்டையையும் அடைக்கும், பழைய கன்வஸ் சாமானை அதனால்தான் பருத்தி நூலில் தைத்தார்கள். ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து உக்கிவிடும், நம் ஆட்கள் ஈரத்தோடுதான் மடித்து வைப்பார்கள், அதை மாற்ற முடியாது. தங்கூசியால், அதாவது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் இழையால், தைக்கலாமா என்று கேட்பார்கள், மீன் பிடிக்கிற ஊரில் அது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதே. வேண்டவே வேண்டாம். ஒற்றை இழை, வழுக்கும், முடிச்சு நிற்காது, பாரம் இழுக்கும்போது துணியை அறுக்கும், வெட்டிய முனை முதுகில் குத்தும். எடுக்க வேண்டியது வலை கட்டுகிற நைலோன் நூல், பல இழை முறுக்கியது. கடையில் 210/6, 210/9, 210/12 என்று சொல்லித் தருவார்கள். 210 என்பது ஒரு இழையின் தடிப்பு, டெனியர் கணக்கு, அதாவது ஒன்பதாயிரம் மீற்றர் நீளம் 210 கிராம் நிறுக்கும். அடுத்த எண் அப்படி எத்தனை இழை சேர்ந்தது என்பது. தோள்வாருக்கு 210/6 தாராளம், 210/9 க்குப் பெரிய கண் உள்ள ஊசி வேண்டும். தைக்க முதல் மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்துவிடுங்கள், முறுக்குப் பிரியாது, துணிக்குள் சுகமாக வழுக்கும், முடிச்சும் இறுகி நிற்கும். முடிந்த இடத்தை லைட்டரில் லேசாகக் காட்டி உருக்கிவிட வேண்டும்.

நைலோனுக்கும் ஒரு குறை உண்டு, நனைந்தால் கொஞ்சம் இளகும், வெயிலில் நாளாக நாளாக பலம் குறையும். வெயில் படும் வெளிப்பக்கத் தையலுக்கு பொலியெஸ்டர் நூல் அதைவிட நின்று பிடிக்கும், நனைந்தாலும் இளகாது. ஓட்டோ சீட் தைக்கிற கடையில் இருக்கிற தடித்த நூல் பெரும்பாலும் அதுதான், ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளம், கேட்டால் தருவார்கள். கிடைத்தால் அதை எடுங்கள், கிடைக்காவிட்டால் வலை நூலை வைத்துத் தைத்துவிட்டு வருடத்துக்கு ஒரு தரம் பாருங்கள். இதற்கு மேல் தலையை உடைக்கத் தேவையில்லை.

ஒன்றுமில்லாததிலிருந்து முழுப் பையையும் தைக்கலாமா? தைக்கலாம், பொழுது போகாதவர்கள். உரப்பையில் தைத்த முதுகுப்பை பார்க்க நன்றாக இருக்கும், ஐம்பது கிலோ யூரியா தாங்கிய சாக்குத்தானே என்று தோன்றும். அந்தப் பின்னல் பொலிபுரொப்பிலீன், வெயிலில் காய்ந்தால் சில மாதத்திலேயே தூளாகத் தொடங்கும், ஊசி போன இடத்தில் பின்னல் விலகிக் கிழியும். வெளிப்பைக்கு ஆகாது. உள்பைக்குத்தான் அருமையான சாமான். உரப்பைக்குள் இருக்கும் மெல்லிய பொலித்தீன் பையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஸ்கூல் பேக்குக்குள் விட்டு, உடுப்பையும் பாயையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் ஆற்றைக் கடக்கும்போது பை முழுக்க நனைந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். மேலே சொன்ன பூச்சுப் பிரச்சினைக்கு வழி இதுதான். சாப்பாட்டுச் சாமானுக்கு உரப்பையைத் தொடாதீர்கள், அரிசி வந்த பையை எடுங்கள். காட்டுக்குள் பொலித்தீன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும், ஆகவே கொண்டுபோன பை அதே பைக்குள்ளேயே திரும்பி வர வேண்டும்.

ஜீன்ஸில் தைத்த பையும் அழகுதான். நனைந்தால் அடுத்த நாள் வரைக்கும் காயாது, பாரமும் கூட. இடுப்பில் கட்டுகிற சின்னப் பை, விபூதியும் காசும் வைக்க, அதற்கு ஜீன்ஸின் பின் பொக்கெட்டை அப்படியே வெட்டி எடுத்துத் தைக்கலாம், அரை மணி வேலை.

இதற்கெல்லாம் முதல் இன்னொரு தெரிவு இருக்கிறது, அம்மம்மாமார் செய்வது. ஒரு சீலைத் துண்டில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, கை வீசிக்கொண்டு நடப்பார்கள். தையல் கிடையாது, சிப் கிடையாது, அறுந்து போக ஒன்றும் கிடையாது. கடைப் பைக்காரன் மரத்தடியில் இருந்து தோளைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவர்கள் முன்னுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கழுத்து சின்ன வயதிலிருந்து குடம் சுமந்த கழுத்து. நம்மால் முடியாது.

இனிக் கூரை. லொறிப் படங்கு பருத்திக் கன்வஸ் என்றால் சதுர மீற்றர் ஒன்று நானூறு கிராமுக்குக் குறையாது. ஒரு ஆள் படுக்க, இரண்டு மீற்றருக்கு இரண்டரை வெட்டினாலும் இரண்டு கிலோ, பனியில் நனைந்தால் மூன்றை எட்டும். வயலில் காவல் கிடக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல கூரை இல்லை, வெயிலைத் தடுக்கும், காற்றில் அடிக்காது, தீப்பொறி விழுந்தால் உருகி ஓடாது. உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போகிற இடத்துக்கு அது. முதுகில் ஏற்றுகிற சாமான் இல்லை. ஒரு மூலையில் ஒரு முழம் வெட்டித் தந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பையின் அடிக்கு வெளியே ஒரு மடிப்பு வைத்துத் தைத்தால் மணலிலும் பாறையிலும் தேயாது.

நிவாரணத் தறப்பாள் கதை வேறு. ஐ.நா. அகதிகள் நிறுவனமான யூ.என்.எச்.சி.ஆர். கொடுப்பது நாலு மீற்றருக்கு ஐந்து, செஞ்சிலுவைக்காரர்களுடையது நாலுக்கு ஆறு. பொலித்தீன் நாரால் பின்னி இரண்டு பக்கமும் பொலித்தீன் பூசியது, சதுர மீற்றர் இருநூறு கிராம் அளவில் வரும், கன்வஸில் பாதி. ஓரத்தில் மீற்றருக்கு ஒன்றாக ஐலெட் இருக்கும். அதே இரண்டுக்கு இரண்டரைத் துண்டு ஒரு கிலோ. தண்ணீர் குடிக்காது, உதறினால் காய்ந்துவிடும். யாரிடமும் காசு கொடுக்காமல் கேட்டு வாங்கக்கூடிய சாமான், கோழிக்கூட்டுக்கு மேலாவது ஒன்று கிடக்கும்.

கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்ததை எடுக்காதீர்கள், அலுமாரிக்குப் பின்னால் மடித்து வைத்ததை எடுங்கள். வெயிலில் கிடந்த தறப்பாளை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் உதிரும், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் பரபரவென்று பிரியும். அதைக் காட்டுக்குள் கொண்டுபோனால் படுத்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துகள், பொறுக்கவும் முடியாது.

தறப்பாளை ஊசியால் தைப்பது நல்லதில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் புகும், இழுவை வந்தால் ஓட்டையிலிருந்து கிழியும். திடீர் மழைக்கு மேலே கட்ட வேண்டிவந்தால், வெட்டிய பக்கத்தில் ஐலெட் இருக்காதே, கயிறு எங்கே கட்டுவது? ஒரு கூழாங்கல்லை எடுத்து, உருண்டையாக, எலுமிச்சங்காய் அளவில், தறப்பாளின் மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். ஓட்டை கிடையாது, எவ்வளவு இழுத்தாலும் கயிறு கல்லைத் தாண்டி வராது, காலையில் அவிழ்த்துக் கல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். கூரான கல் மட்டும் கூடாது. கட்டாயம் தைக்கத்தான் வேண்டுமென்றால் ஓரத்தை மூன்று மடிப்பு மடித்து, உள்ளே ஒரு கயிறு வைத்து, தையலைப் பெரிதாக, ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் போடுங்கள்.

கடையில் விற்கிற மலிவு டென்டோடு ஒப்பிட்டால்? டென்டின் பெரிய இலாபம் நாலு பக்கமும் மூடியிருப்பது, நுளம்பும் உண்ணியும் உள்ளே வராது. நட்டம், ஒற்றைத் துணி டென்டுக்குள் நம் இரவில் புழுங்கிச் சாகலாம், விடியப்புறம் மூச்சுக் காற்றே தண்ணீராகி உட்சுவரில் வடியும், குச்சி உடைந்தால் காட்டில் செய்ய ஒன்றுமில்லை. மழை இல்லாத காலத்துக்கு மழையை மறிக்கிற சாமானை ஏன் சுமக்க வேண்டும் என்பது என் கேள்வி. பழைய கட்டில் நுளம்பு வலை ஒன்றை எடுத்து, ஒரு ஆள் அகலத்துக்கு வெட்டி, கீழ் ஓரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு சாரத் துணியை வைத்துத் தைத்து, அந்தத் துணியைத் தறப்பாளுக்கு அடியில் செருகிப் படுத்தால் டென்ட் செய்கிற வேலை முக்கால்வாசி முடிந்தது, காற்றும் வரும். உண்ணி உள்ளே ஏறாமல் இருப்பது அந்தச் செருகலில்தான் இருக்கிறது, சும்மா தொங்கவிட்டால் பிரயோசனம் இல்லை. இந்தத் தையலுக்குப் பலம் தேவையில்லை, வீட்டு மெஷினில் ஓட்டலாம், இல்லாவிட்டால் சும்மா ஓட்டுத் தையல். மலேரியா இந்த நாட்டில் இல்லையென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்துவிட்டது, உண்மைதான், ஆனால் டெங்கு நுளம்புக்கும் இரவு முழுவதும் காதுக்குள் பாடுகிற நுளம்புக்கும் அந்தச் சான்றிதழைக் காட்ட முடியாது.

போர்த்துக்கொள்ள மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு, பழசு, மெத்தென்று ஆனது. இரண்டையும் பக்கம் வைத்துத் தைத்து அடியை மூடிவிட்டால் உள்ளே புகுந்து படுக்கலாம். பகலில் வெயிலுக்குத் தலையில் போடலாம், ஆற்றில் குளித்துவிட்டுக் கட்டலாம். இதோடு ஒப்பிட வேறு சாமான் எனக்குத் தெரியாது, ஆகவே ஒப்பிடவில்லை.

யார் தைப்பது என்ற கேள்வி மிச்சம். கையால் தைக்கப் பொறுமை இல்லாதவர்கள் உடுப்புத் தைக்கிற மெஷினிடம் பையைக் கொண்டுபோகாதீர்கள். நாடா, ஸ்பொஞ், துணி, ஜீன்ஸ் என்று நாலு தடிப்பு வந்தால் ஊசி முறியும், தையற்காரர் ஏச்சும் விழும். ஓட்டோ சீட்டும் ஹூட்டும் தைக்கிற குஷன் கடை மெஷின் அதைத் தாங்கும். காத்தான்குடிப் பக்கம் அப்படியான கடை ஒன்றில் எனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் பையை நீட்டியபோது கடைக்காரக் காக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேலால அடிச்சுத் தாறன், ஆனா இந்த மூலைக்குள்ள மெஷின்ட கால் போகாது, மறுகா அத நீங்கதான் கையால போடணும்" என்றாராம். சரியாகச் சொல்லியிருக்கிறார். திறந்த இடத்துக்கு அவர் மெஷின், மூலைக்குக் கை. பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் முழுவதும் கையாலேயே, கொக்கி ஊசியால், மெழுகு நூலில் போட்டுத் தருவார். வேகமாகவும் செய்வார். பெட்டியும் பெருக்கல் குறியும் கீறிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் சுற்றி ஒரு வரி போட்டுவிட்டு முடிந்தது என்பார்.

தைத்து முடித்த பையை வீட்டில் ஒரு ஆணியில் மாட்டி, பன்னிரண்டு கிலோ அரிசியைப் போட்டு இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் தையலின் ஓட்டைகள் வட்டமாக இருந்தால் சரி, நீட்டுப்பட்டு வாய் திறந்திருந்தால் உள்ளே வைத்த துண்டு போதவில்லை, இன்னொன்று வைத்து மறுபடி தைக்க வேண்டும். ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல் ஐந்து பாகம், ஒரு துண்டு சீட் பெல்ட் நாடா, இவ்வளவையும் பழைய பிலிம் டப்பாவிலோ மருந்துப் போத்தலிலோ போட்டுப் பையின் மேல் பொக்கெட்டில் வையுங்கள், அடியில் வைத்தால் தேவைப்படும்போது முழுவதையும் கொட்ட வேண்டிவரும்.